ஒக்கடு ‘கில்லி’ ஆனது எப்படி? ரீமேக் உரிமை என்றால் எதை வாங்குகிறார்கள்?

2024 ஏப்ரல் 20 அன்று ‘கில்லி’ 4கே தரத்தில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. அதற்கு ஒன்றேகால் வருடம் முன்னால், 2023 ஜனவரியில், தெலுங்கில் ‘ஒக்கடு’ மறுவெளியீடு ஆகியிருந்தது. இரண்டும் இருபது வருடப் பழைய படங்கள். ஆனால் அவற்றை வைத்து இணையத்தில் நடக்கிற சண்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாகத் தொடங்குகிறது. ‘கில்லி அப்பட்டமான காப்பி’ என்று ஒரு கட்சி, ‘காப்பி இல்லை, காசு கொடுத்து வாங்கிய ரீமேக்’ என்று இன்னொரு கட்சி, ‘ரீமேக்தான், ஆனால் ஒரிஜினலைவிட மேல்’ என்று மூன்றாவது. நடுவில் யாராவது ஒருவர் வந்து ‘அப்படியானால் டப்பிங் பண்ணியிருக்கலாமே, எதற்கு மறுபடி எடுத்தார்கள்’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் வராது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நாலு வெவ்வேறு விஷயங்களை எல்லோரும் ஒரே சொல்லில் போட்டுப் பேசுவதுதான். அதைப் பிரித்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும்.

## முதலில் இரண்டு படங்களும்

‘ஒக்கடு’ 2003 சங்கராந்திக்கு வந்தது. இயக்கம் குணசேகர், தயாரிப்பு எம்.எஸ்.ராஜு, இசை மணி சர்மா. மகேஷ் பாபு, பூமிகா, பிரகாஷ் ராஜ். மகேஷ் பாபுவை முன்வரிசை நாயகனாக நிலைநிறுத்திய படம் இதுதான் என்று சொன்னால் தெலுங்கு ரசிகர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

‘கில்லி’ 2004 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வந்தது. இயக்கம் தரணி, தயாரிப்பு ஏ.எம்.ரத்னம், இசை வித்யாசாகர், வசனம் பரதன். விஜய், த்ரிஷா, மறுபடியும் பிரகாஷ் ராஜ். நாயகனின் அப்பாவாக ஆசிஷ் வித்யார்த்தி.

கதை இரண்டிலும் ஒன்றுதான். தலைநகரத்தில் இருக்கும் போலீஸ் அதிகாரியின் மகன் கபடி வீரன். கபடி ஆட இன்னோர் ஊருக்குப் போகிறான். அங்கே ஆளும் தரப்பின் பலம் உள்ள ஒரு ரவுடி, ஒரு பெண்ணைக் கட்டியே தீருவேன் என்று அவளுடைய அண்ணன்களைக் கொன்றுவிட்டு அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறான். நாயகன் நடுவில் புகுந்து ரவுடியை அடித்து, பெண்ணைத் தன் ஊருக்குக் கூட்டிவந்து, சொந்த வீட்டிலேயே அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கிறான். அவளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது, நடுவில் காதல் வந்துவிடுகிறது, கடைசியில் கபடி மைதானம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஒக்கடு’ என்றால் தெலுங்கில் ‘ஒருவன்’. ‘கில்லி’ என்பது கிட்டிப்புள்ளில் தட்டித் தூக்கி அடிக்கிற அந்தச் சின்னக் கட்டை. சென்னைப் பேச்சில் ‘அவன் கில்லிடா’ என்றால் கெட்டிக்காரன், அடித்தால் பறக்கிறவன். மொழிபெயர்த்து ‘ஒருவன்’ என்று வைத்திருந்தால் போஸ்டரே தூங்கியிருக்கும். ‘தில்’ (2001), ‘தூள்’ (2003) என்று ஒற்றைச் சொல்லாகவே தலைப்பு வைத்துவந்த தரணிக்கு இது கைவந்த வேலை.

## நாலு சொல், நாலு வேலை

1. டப்பிங். எடுத்த படம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் மாறும். தெலுங்கிலிருந்து தமிழுக்கு இப்படி வந்த படங்கள் ஏராளம். ராஜசேகர் நடித்த ‘அங்குசம்’ இங்கே ‘இதுதாண்டா போலீஸ்’ ஆனது, விஜயசாந்தியின் ‘கர்த்தவ்யம்’ இங்கே ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்’ ஆனது. இரண்டுமே இங்கே பெரிதாகப் பேசப்பட்டவை.

2. இருமொழிப் படம். ஒரே நேரத்தில், ஒரே செட்டில், ஒவ்வொரு காட்சியையும் இரண்டு மொழியிலும் எடுப்பது. தெலுங்கு சினிமா சென்னையில் குடியிருந்த காலத்தில் இது வழக்கம். விஜயா நிறுவனத்தின் ‘மாயா பஜார்’ (1957) இரண்டு மொழியிலும் அப்படித்தான் வந்தது, சில பாத்திரங்களுக்கு மட்டும் மொழிக்கொரு நடிகர். ‘பாகுபலி’யும் (2015) தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுக்கப்பட்டதுதான்.

3. ரீமேக். ஒரு மொழியில் வெளிவந்து முடிந்த படத்தின் கதை, திரைக்கதையை உரிமை பெற்று, வேறு நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பது. ‘கில்லி’ இந்த வகை.

4. உரிமை இல்லாத நகல். மேலே சொன்ன மூன்றாவது வேலையைக் காசு கொடுக்காமல், பெயர் போடாமல் செய்வது. ‘காப்பி’ என்று திட்டவேண்டியது இதை மட்டும்தான்.

‘தழுவல்’, ‘இன்ஸ்பிரேஷன்’ என்று இன்னும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. அவற்றில் ஒன்று நாகரிகம், மற்றது பெரும்பாலும் சால்ஜாப்பு.

## சட்டம் எங்கே கோடு போடுகிறது

ஒரு படத்தைப் பார்க்கிறவருக்கு அது ஒரே பொருள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அப்படி இல்லை. அது படத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிறது. ‘ஒக்கடு’வையே எடுத்துக்கொள்வோம்.

1. கரு. ‘ரவுடியிடமிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கபடி வீரன் காப்பாற்றுகிறான்.’ இது யாருக்கும் சொந்தமில்லை. ஆர்.ஜி.ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் என்ற 1978 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்கு ‘இது அதன் நகல்தான்’ என்று சந்தேகமில்லாமல் தோன்றினால்தான் மீறல். அந்த வழக்கில் நாடகத்தை எழுதியவர் தோற்றுப்போனார்.

2. திரைக்கதை, வசனம். எந்தக் காட்சிக்குப் பிறகு எது, யார் எப்போது உள்ளே வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் எழுத்துப் படைப்பு. எழுதியவரின் வாழ்நாளும் அதற்கப்புறம் 60 வருடமும் பாதுகாப்பு. ஒரு எழுத்தை வைத்துப் படம் எடுக்கும் உரிமை அந்த எழுத்தின் உரிமையாளருக்கே. ரீமேக் உரிமை பிறக்கிற இடம் இது.

3. படம். பதிவான காட்சியும் ஒலியும். இதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம். ‘ஒக்கடு’வுக்கு 2063 முடியும் வரை, ‘கில்லி’க்கு 2064 முடியும் வரை.

4. பாட்டு. வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி.

ஒரு படத்துக்கு உரிமை இருக்கிறது என்பதால், அந்தப் படம் எந்த எழுத்திலிருந்து பிறந்ததோ அதன் உரிமை கரைந்துவிடாது என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. கொஞ்சம் வறட்சியான விஷயம்தான். ஆனால் ‘எதற்கு டப்பிங் பண்ணாமல் ரீமேக் பண்ணினார்கள்’ என்ற கேள்விக்கான சட்டப் பக்கம் இங்கேதான் இருக்கிறது. டப்பிங் செய்ய மூன்றாவது அடுக்கு போதும். ரீமேக் செய்ய இரண்டாவது அடுக்கு வேண்டும். இரண்டும் வெவ்வேறு கதவு, சாவியும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம்.

இருக்கலாம் என்ன, இருந்தே இருக்கிறது. ‘ஆரண்ய காண்டம்’ படத்தை வைத்து இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2017-இல் வந்த தீர்ப்பின் சாரம்: படத்தை வேறு மொழியில் டப்பிங் செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, ஆனால் ரீமேக் உரிமை திரைக்கதை எழுதியவரிடம், அவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய. ‘நான் காசு போட்டேன், எல்லாம் எனக்கே’ என்று நினைத்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர்கள் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்க்கவேண்டிய தீர்ப்பு அது.

எழுதிக் கொடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை வருடம் என்று போடாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும், எந்த நிலப்பரப்புக்கு என்று போடாவிட்டால் இந்தியா முழுவதும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ரீமேக் உரிமை விற்கிறார்கள் என்றால், ஒப்பந்தத்தில் மொழியைக் குறிப்பிட்டுத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்று அர்த்தம். மனை விற்கிற மாதிரி.

## கர்னூல் மதுரை ஆன கதை

சரி, சட்டப்படி திரைக்கதை என்ற எலும்புக்கூட்டை வாங்கியாயிற்று. எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு படம் ஓடாது. ரீமேக்கில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் தொழில். ‘கில்லி’யில் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

1. வில்லன் ஊர். ‘ஒக்கடு’வில் கர்னூல். தெலுங்கு ரசிகனுக்குக் கர்னூல், கடப்பா என்று பெயரைச் சொன்னாலே போதும், ராயலசீமையின் பரம்பரைப் பகை, நாட்டு வெடிகுண்டு, வரிசையாக வரும் சுமோ வண்டிகள் எல்லாம் கண்முன் வந்துவிடும். ‘சமரசிம்ஹா ரெட்டி’ (1999), ‘நரசிம்ம நாயுடு’ (2001), ‘இந்திரா’ (2002) என்று நாலைந்து வருடமாக அந்தப் ‘ஃபேக்ஷன்’ படங்கள் ரசிகனைத் தயார் செய்து வைத்திருந்தன. வில்லன் பெயர் ஓபுல் ரெட்டி என்றதுமே பாதி அறிமுகம் முடிந்துவிடுகிறது.

தமிழில் அதற்கு நேரான ஊர் கிடையாது. ராயலசீமைப் பகை என்பது அங்கே உள்ள நிலம், தண்ணீர், கிராமக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து உருவான ஒன்று. அதை அப்படியே பெயர்த்துவந்து நட முடியாது. தரணி மதுரையை எடுத்தார். ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டி ஆனார், பரம்பரைப் பகை என்ற கனம் குறைந்து ‘அமைச்சர் வீட்டு ஆள், கேட்பாரில்லை’ என்ற நம் ஊர்க் கணக்கு வந்தது. அரிவாள் வந்தது. பிற்பாடு பத்து வருடத்துக்குத் தமிழ் சினிமா மதுரையை எப்படிக் காட்டியது என்று தெரியும், அந்தப் பழியில் ‘கில்லி’க்கும் ஒரு பங்கு உண்டு. மதுரைக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

2. தூரம். இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. கர்னூலிலிருந்து ஹைதராபாத் 210 கிலோமீட்டர் போல. மதுரையிலிருந்து சென்னை ஏறத்தாழ 460. துரத்தல் படத்துக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. ராத்திரி முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேர முடியும் என்கிற தூரம், ‘அர்ஜுனரு வில்லு’ பாட்டை நடுவில் வைக்க இடம் கொடுக்கிறது. வில்லன் தன் எல்லையை விட்டு வெகு தூரம் வந்துவிட்டான், இங்கே அவனும் அந்நியன்தான் என்ற உணர்வும் வந்துவிடுகிறது.

3. ஒளிகிற இடம். ‘ஒக்கடு’வின் கௌரவமே சார்மினார்தான். நாயகன் பழைய நகரத்துப் பையன், சார்மினார் அவன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. 1591-இல் கட்டிய பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் மேல் ஏறிச் சண்டை போட விடமாட்டார்கள் என்பதால் நகரத்துக்கு வெளியே சார்மினாரையும் சுற்றியிருந்த தெருவையும் செட்டாகப் போட்டார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சு.

சென்னையில் சார்மினாருக்கு ஈடு எது? உயரமாக இருக்கவேண்டும், ஊருக்கே அடையாளமாக இருக்கவேண்டும், ஆனால் யாரும் உள்ளே போகாத இடமாகவும் இருக்கவேண்டும். மெரினா கலங்கரை விளக்கம். நினைத்துப் பார்த்தால் இது ஒக்கடுவைவிடப் பொருத்தமான தேர்வு. சார்மினார் எப்போதும் கூட்டம் மொய்க்கிற இடம், அங்கே ஒருத்தியை ஒளித்துவைப்பது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் நம்பவேண்டும். கலங்கரை விளக்கமோ பாதுகாப்புக் காரணத்துக்காகப் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்த கட்டடம், 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். 2004-இல் படம் பார்த்த சென்னைக்காரர்கள் தினமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்த, ஆனால் மேலே போகவே முடியாத இடம் அது. வீட்டில் விஷயம் தெரிந்தபின் நாயகி தனலட்சுமி ஒளிந்திருப்பது அங்கேதான். எல்லோர் கண்ணிலும் படுகிற, யாரும் எட்ட முடியாத இடம். ஹைதராபாத்திலிருந்து வந்த காட்சி சென்னைக்காரனுக்குச் சொந்தமானது இந்தத் தேர்வால்தான்.

4. கபடி. இதைத் தொடவேயில்லை, தொட்டிருந்தால் படமே விழுந்திருக்கும். நம்மூரில் சடுகுடு என்று கிராமம் கிராமமாக ஆடுகிற ஆட்டம், விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. புரோ கபடி லீக் வந்தது 2014-இல்தான், அதற்குப் பத்து வருடம் முன்னால் கபடியை வைத்து ஒரு வணிகப் படத்தின் முதுகெலும்பைச் செய்வது துணிச்சல்தான்.

ஆனால் கபடி இங்கே வெறும் அலங்காரம் இல்லை. ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். ஒருவன் மட்டும் கோட்டைத் தாண்டி எதிராளி களத்துக்குள் போகிறான். அங்கே ஏழு பேர். மூச்சை விடாமல் பாடிக்கொண்டே ஒருவனையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் தன் கோட்டுக்குத் திரும்பவேண்டும். இப்போது கதையைப் பாருங்கள். ஒருவன் எதிராளி ஊருக்குள் போகிறான், அங்கே உள்ள பெரிய கையைத் தொடுகிறான், மூச்சு விடாமல் தன் ஊருக்குத் திரும்பி ஓடுகிறான். முதல் பாதி மொத்தமும் ஒரு ரைடு. இரண்டாம் பாதியில் எதிரணி இவன் களத்துக்குள் ரைடு வருகிறது, வீட்டில் இருக்கிற அப்பா, அம்மா, தங்கச்சி, நண்பர்கள் எல்லோரும் இவன் பக்கத்து ஏழு பேர். ‘ஒருவன்’ என்ற தெலுங்குத் தலைப்பும் அந்தப் பாடிப் போகிறவன்தான். திரைக்கதை எந்த மொழிக்குப் போனாலும் நிற்கக் காரணம் இந்த எலும்புதான் என்பது என் கணிப்பு. வில்லன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அவன் ஆட்களுக்கு நடுவிலேயே நாயகன் நடந்து வெளியேறும் அந்தக் காட்சியை இந்தக் கண்ணோடு இன்னொரு தடவை பாருங்கள், காலடி வைப்பதுகூட மைதானத்தில் வைக்கிற மாதிரியே இருக்கும்.

5. வீடு. ‘ஒக்கடு’வின் வீட்டுக் காட்சிகளில் கொஞ்சம் இறுக்கம் உண்டு. ‘கில்லி’யில் அது கலாட்டா. அப்பா வருகிற சத்தம் கேட்டால் மகன் பம்முவது, தங்கச்சி போட்டுக்கொடுப்பது, அம்மா ஒன்றும் தெரியாமல் சோறு போடுவது என்று நடுத்தர வர்க்கத்து வீடு. ஒரு ஊரையே அடித்துவிட்டு வந்தவன் வீட்டுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிற ஆளாக இருப்பதுதான் விஜய்க்குப் பொருந்திவந்தது. மகேஷ் பாபுவின் பலம் பேசாமல் முறைப்பது, விஜய்யின் பலம் பேசிக்கொண்டே கிண்டல் பண்ணுவது. வசனத்தை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் இவர் அவர் சட்டையைப் போட்ட மாதிரி இருந்திருக்கும்.

6. பாட்டு. மணி சர்மாவின் மெட்டுகளை எடுக்கவில்லை. எல்லாம் வித்யாசாகர் புதுசாகப் போட்டது. கே.கே.யும் அனுராதா ஸ்ரீராமும் பாடிய ‘அப்படிப் போடு’ தமிழ்நாட்டைத் தாண்டியும் எங்கெங்கோ போனது. மூன்று வருடம் கழித்து, இன்னொரு மகேஷ் பாபு படத்தின் ரீமேக்கான ‘போக்கிரி’யில் இரண்டு மொழியிலும் மணி சர்மாவே இசை, அதனால் சில மெட்டுகள் அப்படியே வந்தன. ஆக, ரீமேக்கில் பாட்டும் கூடவே வரும் என்று எந்த விதியும் இல்லை, அது தனிப் பேரம்.

## பிரகாஷ் ராஜை ஏன் மாற்றவில்லை?

எல்லாவற்றையும் மாற்றியவர்கள் வில்லனை மட்டும் அப்படியே கூட்டிவந்தார்கள். ‘சோம்பேறித்தனம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தக் கதையில் வில்லன் கத்துகிற ஆள் மட்டும் இல்லை, காதலிக்கிற ஆளும்கூட. அவன் காதல் பொய்யாகத் தெரிந்தால் அவன் வெறும் ரவுடி, மெய்யாகத் தெரிந்தால் பயங்கரம். அந்த இடைவெளியில் நின்று நடிக்க ஏற்கெனவே ஒரு தடவை செய்துபார்த்தவர் கிடைக்கும்போது விடுவானேன்? ஆனால் பிரகாஷ் ராஜும் ஓபுல் ரெட்டியைத் தமிழில் பேசிவிட்டுப் போகவில்லை. ஓபுல் ரெட்டியிடம் குலப் பெருமையின் திமிர் அதிகம். முத்துப்பாண்டியிடம் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளையின் அடம் அதிகம். கை ஓங்குகிற நேரத்திலும் ‘செல்லம்’ என்று இழைகிற அந்தக் குரல் தமிழில்தான் பிறந்தது. கொஞ்ச நாளில் மிமிக்ரி மேடையெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓடியது.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. ஓபுல் ரெட்டியின் அம்மாவாக ‘ஒக்கடு’வில் மிரட்டியவர் தெலங்கானா சகுந்தலா. அதே 2003 ஜனவரியில், தரணியின் சொந்தப் படமான ‘தூள்’ இங்கே வெளியானது. அதில் சொர்ணாக்காவாக மிரட்டியதும் அவரேதான். இரண்டு சினிமாவுக்கும் நடுவில் ஆட்கள் போக்குவரத்து எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ‘ஒக்கடு’ தயாரிப்பாளரின் அடுத்த வெற்றியான ‘வர்ஷம்’ (2004) படத்தின் நாயகி யார் என்று பார்த்தால், த்ரிஷா.

## அதே விதை, வேறு மண்

‘ஒக்கடு’ தமிழோடு நிற்கவில்லை. கன்னடத்தில் புனித் ராஜ்குமார் நடித்து ‘அஜய்’ (2006), அதிலும் வில்லன் பிரகாஷ் ராஜ்தான். பெங்காலி வரைக்கும் போனது. ஹிந்தியில் அர்ஜுன் கபூர், சோனாக்ஷி சின்ஹா, மனோஜ் பாஜ்பாய் நடித்து ‘தேவர்’ (2015) என்று வந்தது, எடுபடவில்லை.

மனோஜ் பாஜ்பாய் நடிப்பில் குறை சொல்ல முடியாது. அப்புறம் எங்கே சறுக்கியது? ஒரு காரணத்தை முன்பே சொன்ன தூரக் கணக்கிலேயே பார்க்கலாம். அங்கே வில்லன் ஊர் மதுரா, நாயகன் ஊர் ஆக்ரா. இரண்டுக்கும் நடுவில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த காப்பிக்குள் வில்லன் வந்து நிற்கலாம். ஒளித்துவைப்பது என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது. இன்னொரு காரணம் காலம். 2003-இல் புதுசாக இருந்த வடிவம் 2015-க்குள் ஐம்பது படங்களில் அடிபட்டுவிட்டது.

## இப்போது ஏன் இந்த மாதிரி ரீமேக் வருவதில்லை?

விஜய்யை ‘ரீமேக் நாயகன்’ என்று கிண்டல் பண்ணுகிறவர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: ‘ப்ரியமானவளே’ (2000), ‘பத்ரி’ (2001), ‘யூத்’ (2002), ‘வசீகரா’ (2003), ‘கில்லி’ (2004), ‘ஆதி’ (2006), ‘போக்கிரி’ (2007). பட்டியல் சரிதான், எல்லாமே தெலுங்கிலிருந்து வந்தவை. ஆனால் அது ஒரு நடிகரின் பழக்கம் மட்டும் இல்லை, அந்தக் காலத்து வியாபாரம் அப்படி. அது நடக்க மூன்று நிபந்தனைகள் தேவைப்பட்டன.

1. மூலத்தை இங்கே யாரும் பார்த்திருக்கக் கூடாது. 2004-இல் தமிழ்நாட்டில் ‘ஒக்கடு’ பார்த்தவர்கள் என்றால் சென்னையிலும் எல்லை மாவட்டங்களிலும் இருந்த தெலுங்கு பேசுகிறவர்கள், அப்புறம் சினிமாக்காரர்கள். இன்றைக்கு ஒரு தெலுங்குப் படம் தியேட்டருக்கு வந்த சில வாரத்தில் தமிழ்க் குரலோடு கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது.

2. அந்த ஊர் நாயகனை இந்த ஊருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ‘பாகுபலி’க்கு அப்புறம், குறிப்பாக ‘புஷ்பா’ (2021), ‘ஆர்ஆர்ஆர்’ (2022) வந்தபின், தெலுங்கு நடிகர்கள் இங்கே நேரடியாகவே போஸ்டரில் விற்கிறார்கள். டப்பிங் உரிமையிலேயே கிடைக்கிற காசை விட்டுவிட்டு ரீமேக்குக்காக ஏன் காத்திருக்கவேண்டும் என்று தயாரிப்பாளர் கணக்குப் போடுவார்.

3. மாற்ற அனுமதி வேண்டும். இங்கே ஒரு எதிர் உதாரணம் இருக்கிறது. ‘அர்ஜுன் ரெட்டி’யின் (2017) தமிழ் ரீமேக்கை முதலில் பாலா ‘வர்மா’ என்று எடுத்து முடித்தார். இறுதிப் பிரதி திருப்தியாக இல்லை என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்து, அதே நாயகன் துருவ் விக்ரமை வைத்து வேறு இயக்குநரிடம் முதலிலிருந்து மறுபடி எடுத்து ‘ஆதித்ய வர்மா’ (2019) என்று வெளியிட்டது. இரண்டாவதை எடுத்தவர் மூலப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர். வாங்குகிறவருக்கே மாற்றம் வேண்டாம், அச்சு அசல்தான் வேண்டும் என்கிற நிலை. தரணிக்கு 2004-இல் சார்மினாரைக் கலங்கரை விளக்கமாக்கும் சுதந்திரம் கிடைத்தது. இப்போது ‘ஒரிஜினலில் இருந்த அந்த ஷாட் எங்கே’ என்று ரசிகனே இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு போடுகிறான்.

இதனால்தான் வியாபாரம் வேறு வடிவம் எடுத்துவிட்டது. ‘வாரிசு’ (2023) மாதிரி, தெலுங்கு இயக்குநரும் தெலுங்குத் தயாரிப்பாளரும் நேரடியாகத் தமிழ் நடிகரை வைத்தே எடுத்து, பிறகு தெலுங்குக்கு டப்பிங் செய்துகொள்கிறார்கள். ரீமேக் செய்தவர்கள் போன பாதையிலேயே எதிர்த்திசையில் போகிற மாதிரி.

## மறுவெளியீடு யார் உரிமை? மறுபடி எடுப்பது யார் உரிமை?

2024-இல் ‘கில்லி’ ஓடியபோது ‘ஒக்கடு’க்காரர்களுக்குப் பங்கு போயிருக்குமா என்று ஒரு கேள்வி சுற்றியது. ரீமேக் படம் தனிப் படம், அதற்குத் தனி உரிமை, அது அதன் தயாரிப்பாளருடையது. பழைய ஒப்பந்தத்தில் வசூலில் பங்கு என்று எழுதியிருந்தால் ஒழிய, ஒவ்வொரு மறுவெளியீட்டுக்கும் மூலப்படத்துக்காரரைக் கேட்கவேண்டியதில்லை.

சரி, நாளைக்கு யாராவது ‘கில்லி’யையே புது நாயகனை வைத்து மறுபடி எடுக்க நினைத்தால்? அப்போது இரண்டு வாசலையும் தட்டவேண்டும். எலும்புக்கூடு ‘ஒக்கடு’வின் திரைக்கதை, அதன் உரிமை தமிழுக்கு எத்தனை தடவைக்கு, எத்தனை வருடத்துக்கு விற்கப்பட்டது என்று பழைய காகிதத்தைத் தேடவேண்டும். தமிழில் புதுசாக எழுதிச் சேர்த்த காட்சிகளும் வசனமும் வேண்டுமென்றால் ‘கில்லி’ தரப்பைக் கேட்கவேண்டும். ‘அப்படிப் போடு’ வேண்டுமென்றால் பாட்டு உரிமை வைத்திருப்பவர் மூன்றாவது வாசல். கபடிக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் மதுரைக்கும் யாரையும் கேட்கவேண்டாம். ‘செல்லம்’ என்ற சொல்லுக்கும்தான். ஒற்றைச் சொல்லுக்குச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது.